விளையாட்டுக் கழகங்களில் ஒழுங்கும் நீதியும்



வரிப்பத்தான்சேனை, இறக்காமம், சம்மாந்துறை, கல்முனை என விரியும் அம்பாறை மாவட்டத்து முஸ்லிம் ஊர்களில் இளைஞர் ஒன்றுகூடி நடத்தும் சிறு விளையாட்டுக் கழகங்கள் பல. பெருஞ்செல்வம் இவற்றுக்கில்லை. உறுப்பினர் தரும் சந்தாப் பணமும், பந்தும் மட்டையும், ஒரு யாப்பும், இளமையின் ஊக்கமுமே இவற்றின் உடைமைகள். இத்தகைய கழகத்தின் யாப்பிலே பதவிகளும் கூட்டங்களும் விரிவாகச் சொல்லப்படலாம். ஆனால், உறுப்பினர் ஒருவர்மீது குற்றஞ் சாட்டப்பட்டால் செய்யவேண்டுவது யாது? ‘நிர்வாக சபையின் முடிவே இறுதியானது’ என்ற ஒரு வரியோடு யாப்பு மௌனமாகிவிடுமாயின், அம்மௌனமே பின்னர் பெரும் பூசலுக்கு வித்தாகும்.

சுற்றுப்போட்டி ஒன்றில் ஓர் ஆட்டக்காரர் மத்தியஸ்தரைத் தள்ளிவிட்டார் என்று முறைப்பாடு வருவதாகக் கொள்வோம். அன்றிரவே, சினம் ஆறுமுன்னர், சபை கூடுகிறது. குற்றஞ் சாட்டப்பட்டவரை எவரும் அழைக்கவில்லை. ஓராண்டு விலக்கு என்று தீர்மானிக்கிறார்கள். செய்தி தெருவழியே அவர் காதுக்கு எட்டுகிறது. அவர் தள்ளினாரா, அல்லது கைகலப்பைத் தடுக்கப் புகுந்தாரா என்று கேட்டவர் இல்லை. அவரோடு அவருடைய சகோதரரும் மச்சான்மாரும் வெளியேற, ஒரு கழகம் இரண்டாகிறது.

“நாமெல்லாம் ஓரூரவர், உறவினர், நமக்கெதற்கு நீதிமன்ற நடைமுறை?” என்று சிலர் வினவுவர். உறவு நெருங்கிய இடத்திலேதான் முறை இன்னும் மிகுதியாக வேண்டும் என்பதே என் விடை. நகரத்திலே விலக்கப்பட்டவர் வேறு கழகம் தேடிக்கொள்வார். சிற்றூரில் அவருக்குப் போக்கிடம் ஏது? தண்டித்தவரும் தண்டிக்கப்பட்டவரும் வெள்ளிக்கிழமை ஒரே பள்ளிவாசலில், ஒரே ஸஃப்பில் நிற்கவேண்டியவர்கள் அன்றோ?

நீதியின் முதல் விதி, இரு தரப்பையும் கேட்டல். அலி (ரலி) அவர்களை யெமன் நாட்டுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, ஒருவர் கூற்றைக் கேட்டதுபோல மற்றவர் கூற்றையும் கேளாமல் தீர்ப்புச் சொல்லவேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ரிச்சர்ட் பென்ட்லி என்ற பேரறிஞரின் பட்டங்களை அவரைக் கேளாமலே பறித்தது. 1723ஆம் ஆண்டு அவ்வழக்கிலே ஆங்கில நீதிபதி ஒருவர், இறைவனே ஆதமை விசாரித்த பின்னர்தான் தண்டித்தான் என்பதை எடுத்துக்காட்டினார். யாவும் அறிந்தவனே வினவினான் எனின், அரைகுறையாய் அறிந்த நாம் வினவாதிருத்தல் தகுமா?

இரண்டாவது விதி, முறையிட்டவரே தீர்ப்பளிப்பவராகவோ அவரைச் சார்ந்தவராகவோ இருத்தலாகாது என்பது. சிலப்பதிகாரத்திலே சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே கோவலன்மீது பழி சுமத்துகிறான். பாண்டியன் ஆராயாமல் ஆணையிடுகிறான். உண்மை தெரிந்தபோது அவனும் உயிர் துறக்கிறான். குற்றஞ் சொல்பவருக்கு அதனால் வரும் நன்மை என்ன என்று அவன் ஒருகணம் சிந்தித்திருப்பின் அத்துயரம் நிகழ்ந்திராது. சிறிய கழகத்தில் எல்லாரும் உறவினராயிருத்தல் கூடும். அப்போது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையோ அயலூர்க் கழகத்து மூத்தவர் ஒருவரையோ விசாரணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது விதி, குற்றத்துக்கு ஏற்ற தண்டனை. கிரிக்கெட் ஆட்டக்காரர் ஸ்ரீசாந்துக்கு 2013ஆம் ஆண்டு இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் ஆயுட்காலத் தடை விதித்தது. 2019ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம், தண்டனையின் அளவை மீண்டும் ஆராயுமாறு பணித்தது. தடை ஏழாண்டாகக் குறைந்தது. செல்வமும் சட்டத்தரணிகளும் நிறைந்த வாரியமே அளவில் பிழைக்குமெனின், சினமுற்ற சிறுசபை பிழைத்தல் அரிதன்று.

இவற்றைக் கைக்கொள்ளப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. குற்றச்சாட்டை எழுத்திலே கொடுத்து, விடைகூற ஒரு வாரமேனும் அவகாசம் அளிக்கவேண்டும். தொடர்பற்ற மூவர் விசாரிக்கவேண்டும். சாட்சியம் அவர் முன்னிலையிலேயே சொல்லப்படவேண்டும். துணைக்கு ஒரு நண்பரை அழைத்துவர அவருக்கு உரிமை வேண்டும். முடிவையும் அதற்குரிய காரணத்தையும் கூட்டக் குறிப்பிலே பதியவேண்டும். மேன்முறையீட்டை முன்னர் விசாரித்தவர்களல்லாத வேறு சிலர் கேட்கவேண்டும். அமைதிக்கு ஆபத்து உண்டெனின் விசாரணை முடியும்வரை ஒருவரைச் சில நாள் விலகியிருக்கச் சொல்லலாம். ஆனால் அது தண்டனை அன்று என்பதைத் தெளிவாக அறிவித்தல் வேண்டும்.

இது குற்றவாளிக்குச் சலுகை காட்டுவது அன்று. மத்தியஸ்தரைத் தாக்கியவர் தண்டனை பெறவே வேண்டும். ஆயினும் தம் சொல்லும் கேட்கப்பட்டது என்று உணர்பவர் தண்டனைக் காலம் முடிந்ததும் அதே மைதானத்துக்குத் திரும்பிவருவார். கேட்கப்படாதவர் பகையோடு போவார்.

ஆதலின், கழக நிர்வாகிகளே, அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்திலே யாப்பில் இதற்கென ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். எவர்மீதும் குற்றச்சாட்டு இல்லாத அமைதியான நாளே அதனை எழுதத் தகுந்த நாள். தண்டனை எவருக்கு என்று தெரியாதபோது எழுதப்படும் விதியே எல்லாருக்கும் பொதுவான விதியாகும்.