பிள்ளை அழவில்லை என்று சந்தோஷப்பட்டேன்

(தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வந்து குடியிருக்கும் குடும்பங்களின் கூட்டத்தில், கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் பேசியதன் எழுத்து வடிவம்.)



நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. லயத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி இங்கே வந்தவள். அவருக்குச் செட்டியார் தெருவில் கடை வேலை. எங்களுக்கு ஒரே ஒரு அறை. லயத்தில் என்றால் பிள்ளை சிணுங்கினாலே நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். இங்கே பகல் முழுக்க நானும் பிள்ளையும்தான்.

தலைப்பிள்ளை பிறந்து நாலாம் நாள் முகம் மஞ்சளாகத் தெரிந்தது. "வெயில்ல காட்டு, சீனித் தண்ணி குடு, போயிரும்" என்றார்கள். அப்படியே செய்தேன். அடுத்த இரண்டு நாளும் பிள்ளை ஒரே தூக்கம். பாலுக்குக்கூட அழவில்லை. "நம்ம புள்ள எம்புட்டு அமைதி பாருங்க" என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஏழாம் நாள், பக்கத்து வீட்டு அக்கா சொல்லி மிட்வைப் அம்மா வந்தார். பாதத்தை விரலால் அமத்திப் பார்த்தார். உள்ளங்கால் வரை மஞ்சள். "இது தூக்கம் இல்லம்மா, மயக்கம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு" என்றார். நீல வெளிச்சத்தின் கீழ் பிள்ளையை நாள் கணக்கில் வைத்திருந்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் என் மகனுக்கு இன்றைக்கும் காது சரியாகக் கேட்பதில்லை. அதனால்தான் கூப்பிட்ட இடமெல்லாம் போய் இதைச் சொல்கிறேன்.

மஞ்சள் ஏன் வருகிறது? பிறந்த பிள்ளையின் இரத்தத்தில் பழைய சிவப்பு அணுக்கள் உடையும்போது ஒரு மஞ்சள் பொருள் உண்டாகும். ஈரல் அதை வெளியேற்றப் பழகச் சில நாள் எடுக்கும். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இப்படி வரும். பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தானே மறையும். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்காலுக்கு இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ காத்திருக்கக் கூடாது. கூடினால் மூளையைத் தாக்கும். வெயில் இதற்கு வைத்தியம் ஆகாது. சீனித் தண்ணி வயிற்றை நிரப்பித் தாய்ப்பாலைக் குறைக்கும். அது மஞ்சளை இன்னும் கூட்டும்.

பால் போதுமா என்று எப்படித் தெரியும்? ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறைந்தது 6 தடவை மூத்திரம் போனால் பால் போதும். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீச்சி ஊற்றாதீர்கள். நோயைத் தடுக்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும். தண்ணியும் வேண்டாம், தேனும் வேண்டாம். முதல் நாட்களில் நிறை கொஞ்சம் குறையும். இரண்டு கிழமைக்குள் திரும்ப ஏறிவிடும். பயப்பட வேண்டாம்.

அம்மாயிமாரே, கோபிக்காதீர்கள். தொப்புளில் சாம்பல், எண்ணெய், மஞ்சள் எதுவும் போட வேண்டாம். காய்ந்து தானே விழட்டும். மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம். தோட்டத்துக் குளிருக்குத் தாயின் நெஞ்சோடு ஒட்டி வைப்பதுதான் நல்ல சூடு. அடுப்புப் புகையும் பீடி, சிகரட் புகையும் பிள்ளைக்கு ஆகாது.

தகப்பன்மாரே, இராத்திரி பிள்ளை அழுதால் நீங்களும் கொஞ்சம் தூக்குங்கள். எவ்வளவு அலுப்பு, ஆத்திரம் வந்தாலும் பிள்ளையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது. மூளையில் இரத்தம் கசியும். தாய் இரண்டு கிழமைக்கு மேலும் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால், அதை நடிப்பு என்று சொல்லாதீர்கள். அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டிய நோய்தான்.

பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, காய்ச்சல், உடம்பு சில்லிடுதல், நிமிஷத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், தொப்புளைச் சுற்றிச் சிவத்தல், எழுப்பியும் எழும்பாமை: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

கடைசியாக ஒன்று. மிட்வைப் அம்மா என்னிடம் பிந்தி வந்ததற்குக் காரணம் நான்தான். தோட்டத்து விலாசத்தையே கொடுத்திருந்தேன். கொட்டாஞ்சேனையில் இருப்பது யாருக்கும் தெரியாது. வெள்ளவத்தையில் வீட்டு வேலை செய்கிறவர்களும் அங்கே வாடகைக்கு இருப்பவர்களும் கேளுங்கள்: வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய கிளினிக்கில் பெயர் பதியுங்கள். பிரசவத்துக்குத் தோட்டத்துக்குப் போவதானால் அங்கேயும் சொல்லுங்கள். முதல் பத்து நாளுக்குள் மிட்வைப் அம்மா வீட்டுக்கு வந்து பார்ப்பது உங்கள் உரிமை. 42 நாளுக்குள் பிறப்பையும் பதிந்துவிடுங்கள்.

பிள்ளை அழுதால் நாம் பதறுகிறோம். பாலுக்கும் எழும்பாமல் அசந்து கிடந்தால், அப்போதுதான் கூடுதலாகப் பதற வேண்டும். எனக்கு அது ஏழாம் நாள்தான் தெரிந்தது. உங்களுக்கு இன்றைக்கே தெரியட்டும்.