துணிக்கைகளில் ஒரு விண்மீன்



வைத்தியருக்கு விண்மீனோடு என்ன வேலை என்பீர்கள். தூரத்தில் வெள்ளையாய்த் தெரியும் நம் கந்தப்பளை மூடுபனி, கிட்டப் போனால் நீர்த்துளிகள்தானே! 1977இல் லூசியும், தனியாக கிங்கோல்ட், மொனகன் இருவரும், விண்மீனின் வாயுவைத் துணிக்கைகளாகவே கணித்தார்கள். படம் வரைய ஒவ்வொரு துணிக்கையையும் சுற்றிலும் பரப்பிக் கூட்டவேண்டும். நெருக்கமான இடத்தில் குறுகலாக, ஐதான இடத்தில் அகலமாக. அளவுமீறிப் பரப்பினால் சிறிய வாயுத்திரள் கரைந்து மறையும். குறைத்தால் வாயுவில் இல்லாத புள்ளிகள் தெரியும். ஸ்கேன் படத்தையும் கணினி இப்படித்தான் மென்மையாக்குகிறது. அதில் ஒரு சிறு கட்டி மறைந்துபோனால்? விண்மீன் காத்திருக்கும், நோயாளி காத்திருக்கமாட்டார். படங்களைக் கொண்டுவந்திருக்கிறேன். தேநீருக்குப் பிறகு ஆய்வுகூடத்துக்கு வாருங்கள் பிள்ளைகளே. எவ்வளவு பரப்பியது என்று என்னைக் கேளுங்கள்.