கல்லைக் காணக் கற்பித்தல்
(ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



மாமல்லபுரத்திற்குப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் வண்டி வண்டியாய்ச் செல்கின்றனர். பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தின்முன் வரிசையாய் நிறுத்தப்பெறுகின்றனர். "அருச்சுனன் தவம், பல்லவர் செய்தது, எழுதிக்கொள்ளுங்கள்" என்பதோடு பாடம் முடிந்துவிடுகின்றது. பிள்ளை கண்டது பெயரை, சிற்பத்தையன்று. கண்ணிருந்தும் காணாமற் பழக்கும் இதனைக் கல்வி என்பது எங்ஙனம்?

கலைப்படைப்பு எதுவாயினும் அதன்முன் கேட்கத்தக்க வினாக்கள் இரண்டு. என்ன சொல்லப்பட்டது? எவ்வாறு செய்யப்பட்டது? முன்னது பொருள்; பின்னது வினைத்திறம். முன்னதைக் 'கருப்பொருள்' என்பார் உளர். அஃது அகத்திணையில் தெய்வம், உணா முதலியவற்றைக் குறிக்குமாதலின் ஈண்டுப் 'பொருள்' என்றலே சாலும்.

ஒற்றைக் காலூன்றிக் கையுயர்த்தி நிற்பவன் யார்? சிவனிடம் படைக்கலம் வேண்டிய அருச்சுனன் என்பர் ஒருசாரார். கங்கையை வேண்டிய பகீரதன் என்பர் மற்றொருசாரார். இவ்வழக்கைப் பிள்ளைகளிடமே விடுக! நடுவிலுள்ள பாறைப் பிளவை அவர்கள் காணட்டும். அதில் கைகூப்பி நிற்கும் நாகர்களைக் காணட்டும். மேலே நீர் தேக்கியதற்குரிய அடையாளங்கள் உள்ளமையைக் கூறுக. நீர் வழிந்த பிளவெனில் கதை எப்பக்கம் சாயும் என அவர்களே எண்ணுவர். தேர்வுத் தாளுக்கென விடையைத் திணிக்கற்க.

பெரிய யானையின் முன்னே முன்கால்களைத் தூக்கித் தவஞ்செய்யும் பூனையைப் பிள்ளைகளே முதலில் கண்டுபிடிப்பர். அதன் காலடியில் எலிகள்! மேலே மெய்த்தவம், கீழே அதே நிலையில் பொய்த்தவம். பூனையைக் கண்டு நகைத்த பிள்ளை தவமுனிவனை மீண்டும் ஒருமுறை உற்றுநோக்கும். பொருளுணர்தல் என்பது இதுவே. பத்து வரிக் குறிப்பு இதனைத் தாராது.

இனி, வினைத்திறம். இதற்கு முற்றுப்பெற்ற படைப்பைவிட முற்றுப்பெறாததே நல்லாசான். சுற்றுலாக் கூட்டம் எட்டிப் பாராத பிடாரித் தளிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்க. மேற்பகுதி உருப்பெற்றிருக்கக் கீழ்ப்பகுதி வெறும் பாறையாய் நிற்கும். ஒற்றைக் கல்லில் தளி மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டது என்பதை எவரும் சொல்லாமலே பிள்ளை அறியும். கட்டுவோன் அடியில் தொடங்குவான். குடைவோன் முடியில் தொடங்குவான். சாரம் ஏன் வேண்டாதாயிற்று என்று ஒரு சிறுவனேனும் கேட்பான். பிழைபட்டால் ஒட்டவைக்க இயலாத கருங்கல் என்பதும் அவனுக்கு அங்கே புலனாகும். ஊருக்குள் இன்றும் உளியோசை கேட்கும் பட்டறைகள் பல உள. 1957இல் தொடங்கப்பெற்றுக் கல்லூரியாய் வளர்ந்த அரசு சிற்பப் பள்ளியும் உண்டு. வண்டி அவற்றைக் கடந்து உணவு விடுதியில்தான் நிற்கின்றது!

ஊர் திரும்பியபின் ஈரக் களிமண் பலகையொன்றும் மழுங்கிய ஆணியொன்றும் பிள்ளையிடம் தருக. காலிடைக் கன்றுகளோடு ஒரு யானையைச் செதுக்கட்டும். கன்று பின்னும் தாய் முன்னுமாய்த் தோன்ற எவ்வளவு ஆழம் வெட்டுவது எனத் திகைக்கும்போது பல்லவச் சிற்பியின் இடர்ப்பாடு அதன் விரலில் உறைக்கும். இதற்குப் பொருட்செலவு இல்லை, காலமே வேண்டும். கணக்குப் பாடத்திற்குக் கடன் கொடுக்கப்படும் ஓவிய வகுப்பை ஓவியத்திற்கே விட்டால் அக்காலமும் கிடைக்கும்.