கட்டியை எடுத்த பிறகு கதிர்வீச்சு எதற்கு?

(நமது சங்கத்தின் மகளிர் தினக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். கல்வராயன் மலை வெள்ளிமலையில் இருக்கும் என் நாத்தனாருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

அவளுக்கு மார்பில் வலியில்லாத ஒரு கட்டி. சாதாரணக் கட்டி என்று எடுத்தார்கள். பயாப்சி ரிப்போர்ட்டை நாங்கள் யாரும் கேட்டு வாங்கவில்லை. எட்டே மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வளர்ந்தது. அப்போதுதான் அது 'ஃபில்லோட்ஸ்' கட்டி என்று தெரிந்தது. கிரேக்கத்தில் இலை என்று அர்த்தமாம். வெட்டிப் பார்த்தால் இலை மாதிரி மடிப்பு இருக்கும். மார்பகக் கட்டிகளில் நூற்றில் ஒன்றுகூட இராது. சாதாரணம், இடைநிலை, புற்று என மூன்று வகை. அவளுக்கு மூன்றாவது.

இரண்டாவது ஆபரேஷனில் கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து எடுத்தார்கள். "அதான் எடுத்தாச்சே அண்ணி, கரண்டு வேறயா?" என்று அழுதாள்.

கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருக்கும் செல்களை அழிக்கத்தான் கதிர்வீச்சு. சாதாரண வகைக்குப் பொதுவாகத் தேவையில்லை. மற்ற இரண்டுக்கும், முக்கியமாக மார்பை முழுதாக எடுக்காதபோது, யோசிப்பார்கள். அமெரிக்காவில் இப்படி முழுமையாக எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்த 46 பெண்களைச் சுமார் நான்கரை ஆண்டு கவனித்தார்கள்; ஒருவருக்கும் அதே இடத்தில் திரும்பவில்லை என்று 2009-இல் வெளியிட்டார்கள். ஆனால் ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணமாகவில்லை. இரண்டையும் டாக்டரிடம் கேட்டுத்தான் அவள் சம்மதித்தாள்.

வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். படுத்திருப்பது சில நிமிடம்தான். ஆனால் மலையிலிருந்து தினமும் வந்து போக முடியுமா? எங்கள் வீட்டில் தங்கினாள். நம் குடியிருப்பில் மூன்று பேர் முறைவைத்து அழைத்துப் போனீர்கள். ஒரு நாளும் விடுபடவில்லை. அந்த நன்றியைச் சொல்லத்தான் முக்கியமாக எழுந்தேன்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியதற்கும், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம்தான் காரணம்.

உங்களுக்கு மூன்று வேண்டுகோள். எந்தக் கட்டியை எடுத்தாலும் பயாப்சி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். விளிம்பு சுத்தமாக இருக்கிறதா என்று கேளுங்கள். பாஸ்புக் மாதிரி பத்திரமாக வையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கும் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கதிர்வீச்சும் உண்டு.