கோடு போட்ட பிறகும் ஆடிய அணி



மூணாறிலிருந்து பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் நடக்கும் இந்தப் பட்டமளிப்பு விழாவுக்கு நான் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். மறையூர், சின்னாறு சோதனைச்சாவடி, உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை. கேரளத்தின் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு இந்த வழியில் வரத் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது. குறுக்கே ஆனைமலை நிற்கிறது. இடுக்கியிலிருந்து இங்கே வந்து படித்த பிள்ளைகளுக்கு இது மூன்று வருஷப் பழக்கம். தமிழ்நாட்டுப் பக்கம் போனால் 'மலையாளத்தான்', கேரளப் பக்கம் வந்தால் 'பாண்டி'. இந்த இரண்டு பெயரையும் கேட்காமல் வளர்ந்தவர் யாராவது இந்த அரங்கில் இருக்கிறீர்களா? நான் கேட்டு வளர்ந்தவன். அதனால்தான் இன்று ஒரு கால்பந்து அணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் இருக்கிறது. மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கேதான். நம் ஊர்ப் பையன்கள் பட்டாளத்தில் சேர்ந்து முதலில் பூட்ஸ் மாட்டுகிற இடம். தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லோரும் ஒரே பாசறையில் படுத்து எழுகிற படை அது. 'வீர மதராசி, அடி கொல்லு' என்ற அவர்களுடைய போர்முழக்கத்தைத் தமிழ் என்று நாம் சொல்வோம், மலையாளம் என்று மலையாளிகள் சொல்வார்கள். இரண்டும் சரிதான்.

அந்த மையத்தின் கால்பந்து அணி 1955-இல் டூரண்ட் கோப்பையை வென்றது. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய போட்டி அது. ஆசியாவில் அதைவிடப் பழைய கால்பந்துப் போட்டி கிடையாது. ஹைதராபாத் சிட்டி போலீசும் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் கொடிகட்டிப் பறந்த காலத்தில், மலைமேல் பயிற்சி எடுத்த சிப்பாய்கள் இறுதிப் போட்டியில் இந்திய விமானப்படையைத் தோற்கடித்தார்கள். 1958-இல் கூர்க்கா பிரிகேடைத் தோற்கடித்து மறுபடியும் கோப்பையைத் தூக்கினார்கள்.

இந்த இரண்டு வெற்றிகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1956 நவம்பர் 1. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்ட நாள். முதல் கோப்பையின்போது பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபாரில் இருந்தது. நாம் உட்கார்ந்திருக்கும் சித்தூரும், என் தேவிகுளமும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. இரண்டாவது கோப்பை வந்தபோது எல்லாமே கேரளம். தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்று நம் பெரியவர்கள் போராடினார்கள், அடிபட்டார்கள், அழுதார்கள். அந்த வலி என் வீட்டிலும் இருந்தது. அதைச் சின்னது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வரைபடத்தில் கோடு விழுந்த அதே வருஷங்களில் வெலிங்டன் அணி கலையவில்லை. இன்னார் இந்த மாநிலம், இன்னார் அந்த மாநிலம் என்று யாரும் பாதி மைதானத்தைப் பிரித்துக்கொண்டு போகவில்லை.

அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953-இல் ராணுவத்தில் சேர்ந்தபோது அவர் கோல்கீப்பரே இல்லை; சென்டர் ஃபார்வர்டு. கோல் போட வந்தவரைக் கோலைக் காக்க நிறுத்தினார்கள். அன்று அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. கணிதம் கேட்டு வரலாறு கிடைத்த பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குப் புரியும். நின்ற இடத்தில் நின்றவர், ஆசியாவின் தலைசிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார்.

மாநிலம் பிரிந்து மூன்று வாரம் கழித்து மெல்போர்ன் ஒலிம்பிக் தொடங்கியது. இந்திய அணியில் இரண்டு கோல்கீப்பர்கள். ஒருவர் தங்கராஜ். இன்னொருவர் யார் தெரியுமா? இந்த மாவட்டத்து ஒற்றப்பாலத்தில் பிறந்து மும்பையில் ஆடிய எஸ்.எஸ். நாராயண். கோலுக்கு முன்னால் நிற்க ஒரே ஒரு இடம்தான். இருவரும் 1960-இல் ரோமுக்கும் சேர்ந்து போனார்கள். ஒருவர் ஆடும்போது மற்றவர் வெளியே உட்கார்ந்து பார்த்தார். அப்படி உட்கார்ந்திருப்பதும் ஆட்டம்தான் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பிடித்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இன்றுவரை அதைத் தாண்டவில்லை.

1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங் தலையில் தையலோடு முன்வரிசையில் ஆடி ஒரு கோல் போட்டார். முன்வரிசையிலிருந்து பின்னால் வந்த தங்கராஜ் கோலைக் காத்தார். தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கினோம்.

இந்தக் கதைகள் எனக்கு எப்படி வந்தன என்று சொல்கிறேன். நான் பிறந்தது கண்ணன் தேவன் மலையில் ஒரு எஸ்டேட் லயத்தில். எங்களுக்கு வருஷத்தின் பெரிய திருவிழா ஃபின்லே ஷீல்டு கால்பந்துப் போட்டி. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும். மஞ்சு இறங்கினால் எதிர்க் கோல்கம்பம் தெரியாது. பந்து உதைபடும் சத்தத்தை வைத்து யாரிடம் இருக்கிறது என்று சொல்வோம். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு நேரே மைதானத்துக்கு வந்த அம்மாக்கள், அப்பாக்களைவிடச் சத்தமாகக் கத்துவார்கள். என் அம்மாவும் கத்தினாள். பட்டாளத்திலிருந்து லீவில் வந்த ஒரு மாமாதான் எங்களுக்கு வெலிங்டன் கதைகளைச் சொன்னார்.

பிள்ளைகளே, பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எருத்தேம்பதியிலோ, வடகரப்பதியிலோ, மறையூரிலோ உங்கள் தெருவில் வெலிங்டனில் பயிற்சி எடுத்த தாத்தா ஒருவர் இருக்கலாம். 1958-ஐப் பார்த்தவருக்கு இன்று தொண்ணூறு வயதுக்கு அருகில் இருக்கும். வேலை தேடிக் கிளம்புவதற்கு முன் ஒரு சாயங்காலம் அவர் திண்ணையில் போய் உட்காருங்கள். டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய குழுப்படம் இருந்தால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வரிசையாக ஒவ்வொரு முகத்திலும் விரலை வைத்துப் பேர் கேளுங்கள், ஊர் கேளுங்கள், எந்த இடத்தில் ஆடினார் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினாலும் சரி, மலையாளத்தில் எழுதினாலும் சரி.