தலையெழுத்தும் புற்றுநோயும்



புற்றுநோய் என்றவுடன் நம் மக்கள் சொல்லும் முதல் வார்த்தை "தலையெழுத்து" என்பதாகும். பூர்வஜன்மப் பாவம் என்பார் ஒருவர். கிரகக் கோளாறு என்பார் மற்றொருவர். பரிகாரத்துக்குப் பணம் போவது ஒருபுறமிருக்க, வைத்தியம் செய்ய வேண்டிய காலமே போய்விடுகின்றது. ஆதலால் இந்தத் தலையெழுத்தைச் சற்று பரிசோதித்துப் பார்ப்பது அவசியமென்று கருதுகின்றோம்.

எழுத்து இருப்பது உண்மைதான். ஆனால் அது மண்டையோட்டில் இல்லை, பிரம்மா எழுதினதுமல்ல. நம் உடம்பின் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் நூலிழை இருக்கின்றது. அதில் நாலே எழுத்துக்கள். தாய் கொடுத்த பிரதி ஒன்று, தகப்பன் கொடுத்த பிரதி ஒன்று. பிரதிக்குச் சுமார் 300 கோடி எழுத்து. மேல்ஜாதி என்பவனுக்கும் கீழ்ஜாதி என்பவனுக்கும் அதே நாலு எழுத்துத்தான்.

உயிரணு இரண்டாகும்போதெல்லாம் இவ்வளவையும் நகல் எடுக்க வேண்டும். பிழை வராமலிருக்குமா? வருகின்றது. அதைத் திருத்தும் வேலையும் உடம்புக்குள்ளேயே நடக்கின்றது. அது நடக்கும் விதத்தைக் கண்டறிந்த லிண்டால், மாட்ரிச், சன்ஜார் என்ற மூவருக்கு 2015-ம் வருஷத்தில் நோபல் பரிசு கிடைத்தது. திருத்தத் தப்பிய பிழைகள், "பெருகு", "நிறுத்து" என்று கட்டளையிடும் இடங்களில் சேர்ந்துவிட்டால், உயிரணு அடங்காமல் பெருகுகின்றது. இதுதான் புற்றுநோய்.

பிழையை மிகுதியாக்குவது எது? 1775-ம் வருஷத்தில் லண்டன் டாக்டர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்கிறவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதைக் கண்டு, அதற்குக் காரணம் புகைக்கரியே என்று எழுதினார். ஏழைப் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே அந்தக் குழாய்க்குள் ஏற்றினார்கள். குழாய்க்குள் ஏறினவன் பாவி, அந்த அடுப்பில் குளிர்காய்ந்த பிரபு புண்ணியவான் என்று எந்தக் கர்மக்காரராவது சொல்லுவாரா?

1915-ம் வருஷத்தில் டோக்கியோவில் யாமகிவா, இச்சிகாவா என்ற இருவர் முயலின் காதில் மாதக்கணக்காகத் தார் தடவிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர். முயலுக்கு ஏது பூர்வஜன்மம்? 1933-ல் லண்டன் விஞ்ஞானிகள் தாரிலிருந்து பென்சோபைரீன் என்ற விஷத்தைப் பிரித்தெடுத்தனர். புகையிலைப் புகையிலும் அது இருக்கின்றது. உடம்புக்குள் போனதும் அது மாறி டி.என்.ஏ. எழுத்தின்மேல் ஒட்டிக்கொள்ளுகின்றது, நகலில் வேறு எழுத்து விழுகின்றது. பி53 என்ற காவல் ஜீனில் அது ஒட்டும் இடங்களும், சுவாசப்பைப் புற்றில் பிழை மலிந்த இடங்களும் ஒன்றாயிருப்பதை 1996-ல் கண்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. எழுத்து அழியாமலே, அதன்மேல் மீதைல் என்ற சிறு அடையாளம் ஒட்டி, வாசிக்க முடியாமல் மூடிவிடுகின்றது. காவல் ஜீன் இருந்தும் இல்லாததுபோலாகின்றது. இம்மூடியைக் குறைக்கும் அசாசிடிடின் என்ற மருந்தை எலும்புமஜ்ஜை வியாதி ஒன்றுக்கு 2004-ல் அமெரிக்கா அங்கீகரித்தது. மனிதன் மருந்து கொடுத்து மாற்றக்கூடியதற்குப் பெயர் விதியா?

"புகைக்காதவனுக்கும் வருகிறதே" என்று நம் ஆஸ்திகர்கள் கேட்கக்கூடும். வரும். தானாக நேரும் நகல் பிழையும் உண்டு. பெற்றோர் வழியாக வரும் பிழையும் உண்டு. ஆகவே நோயாளியைப் பாவி என்பது மூடத்தனம் மாத்திரமல்ல, கொடுமையுமாகும். கூட உட்கார்ந்து சாப்பிடுவதால் இது யாருக்கும் ஒட்டுவதுமில்லை.

எனவே தோழர்களே! பீடி, சுருட்டு, புகையிலை, பாக்கு ஆகியவற்றை விடுங்கள். பாக்கு மாத்திரமே புற்றுநோய் உண்டாக்கும் என்பதும் ருஜுவாகியிருக்கின்றது. வாயில் இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ, மார்பில் கட்டியோ கண்டால், ஜோசியன் வீட்டுக்குப் போகாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். கூச்சத்தினால் வாய்திறவாத பெண்மக்களுக்கு இதை வீடுதோறும் எடுத்துச் சொல்ல வேண்டியது இங்கு வந்திருக்கும் ஒவ்வொருவருடைய கடமையாகும்.