கல் என்று நான் நம்பிய சோப்பு

(காரைக்குடியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வழக்கமாக இந்த மேடையில் கற்றல் விளைவுகளைப் பற்றித்தான் பேசுவோம். இன்று வயிற்றைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் உங்களுக்கே தெரியும். நம் ஒன்றியத்தில் மட்டும் எனக்குத் தெரிந்து நாலைந்து டீச்சர்கள் பித்தப்பைக் கல்லோடு இருக்கிறார்கள். அதில் ஒருத்தி நான். இருந்தேன் என்று சொல்ல வேண்டும். இப்போது கல்லும் இல்லை, பையும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் தேவகோட்டையில் ஒரு கல்யாண விருந்து. நம் ஊர் விருந்தைச் சொல்ல வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்து முதுகுப் பக்கம் தோள்பட்டை வரை ஏறியது. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தேன். மூன்று மணி நேரத்தில் வலி தானாகவே போய்விட்டது. ஓமத்துக்குத்தான் நன்றி சொன்னேன். மறுமாதமும் அப்படியே வந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தேன். பித்தப்பையில் பல கற்கள், பெரியது 9 மில்லிமீட்டர். வலி வந்துவிட்டதால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்றார் மருத்துவர். பொதுத்தேர்வு முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் பயம்.

சொல்லி இரண்டு நாளில் பத்து வைத்தியம் வந்து சேர்ந்தது. வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம், நெருஞ்சில். எல்லாம் நல்ல பொருள்கள்தான். ஆனால் அவை சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படுபவை. தமிழில் இரண்டுக்கும் ‘கல்’ என்றே பெயர் வைத்ததில் வந்த வினை இது. சிறுநீரகக் கல் பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட். தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீர் பெருகும், சின்னக் கல்லை அது தள்ளிக்கொண்டு போகும். பித்தப்பைக் கல்லோ கொலஸ்ட்ராலாலோ பித்த நிறமியாலோ ஆனது. நாம் குடிக்கும் தண்ணீருக்குப் பித்தப்பைக்குள் போக வழியே கிடையாது. அப்படியே ஒரு கல் நகர்ந்தாலும் அது வந்து நிற்கும் இடம் பித்தக்குழாய். அங்கே அடைத்தால் மஞ்சள் காமாலை, கணைய அழற்சி. ஆகவே, ‘கல் நகர்கிறது’ என்பது இந்த விஷயத்தில் நல்ல செய்தி அல்ல.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாதா? பாதி தெரியும். இருந்தும் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு முறையைச் செய்தேன். ஐந்து நாள் ஆப்பிள் சாறு, ஆறாம் நாள் மாலை பேதியுப்பு, இரவு படுக்கும் முன் அரை டம்ளர் ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு கலந்து ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். காலையில் நாற்பது ஐம்பது பச்சை உருண்டைகள் வெளியே வந்தன. எப்படிப் பொறுக்கினேன் என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். அன்று நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. இருபதாயிரம் கல் உடைத்த மாதிரி.

பத்து நாள் கழித்து மறுபடி ஸ்கேன். கற்கள் அத்தனையும் இருந்த இடத்தில் இருந்தன. அதே 9 மில்லிமீட்டர்.

அப்படியென்றால் வெளியே வந்தது என்ன? இதற்குப் பதில் 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு பெண் இதே முறையைச் செய்து, வந்த உருண்டைகளை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆய்வகத்தில் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் இல்லை, பித்த நிறமி இல்லை, கால்சியம் இல்லை. முக்கால் பங்கு கொழுப்பு அமிலம். 40 டிகிரி வெப்பத்தில் பத்து நிமிடத்தில் பச்சை எண்ணெயாக உருகிவிட்டது. கொலஸ்ட்ராலின் உருகுநிலை 148 டிகிரி என்பதை நினைத்துப் பாருங்கள். குடித்த எண்ணெயைக் குடலில் உள்ள லிப்பேஸ் நொதி உடைக்கிறது. பிரிந்த ஓலியிக் அமிலம் எலுமிச்சைச் சாற்றிலுள்ள பொட்டாசியத்தோடு சேர்கிறது. பத்தாம் வகுப்பில் நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடும் சோப்பாக்கல் வினைதான். சோப்பு எப்படி உண்டாகிறது என்று பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்தியவள், தன் வயிற்றில் சோப்பு காய்ச்சிவிட்டு அதைக் கல் என்று கொண்டாடியிருக்கிறேன். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு!

நான் ஏமாந்தது சிரிப்போடு போயிற்று. அடுத்துச் சொல்வது அப்படி இல்லை.

எங்கள் பள்ளிச் சத்துணவில் சமைக்கும் அக்காவுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. என்னிடம்தான் கேட்டார்: “டீச்சர், கீழாநெல்லி அரைச்சுக் குடிக்கட்டுமா?” குடியுங்க அக்கா, நல்லது என்று நான்தான் சொன்னேன். கீழாநெல்லி மேல் எனக்கு மரியாதை உண்டு. நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சென்னை ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 1988இல் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு அது உதவலாம் என்று எழுதினார்கள். பின்னால் மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. அது எப்படியிருந்தாலும், அந்தப் பேச்சு கிருமியால் வரும் காமாலையைப் பற்றியது. அக்காவுக்கு வந்தது குழாயில் கல் அடைத்த காமாலை. இரண்டு வாரம் பத்தியம் இருந்தார். பிறகு குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, சுயநினைவு தப்பும் நிலையில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். வாய்வழியே குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். பிழைத்துவிட்டார். இன்னொரு நாள் தாமதித்திருந்தால் என்று அங்கே சொன்னதை அவர் மகள் என்னிடம் சொன்னாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். அந்த வாரமே நான் என் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கினேன்.

கண் மஞ்சள், சிறுநீர் தேநீர் நிறம், மலம் வெளிறிப்போவது, நடுக்கத்தோடு காய்ச்சல், ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் விடாத வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கஷாயம் வேண்டாம்.

அதற்காக ஸ்கேனில் கல் என்று வந்தவுடன் எல்லோரும் கத்திக்குப் போக வேண்டியதில்லை. கல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆயுசுக்கும் தொந்தரவு தராது. வலி இல்லாவிட்டால் பொதுவாக விட்டுவிடச் சொல்கிறார்கள். கொலஸ்ட்ரால் கல் சிறியதாக இருந்தால் கரைக்க மாத்திரையும் உண்டு. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வருகிறது.

வீட்டில் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் கல் வருவதற்கு முன். பித்தப்பை நாம் சாப்பிடும்போதுதான் சுருங்கிப் பித்தத்தை வெளியேற்றும். காலை உணவு இல்லையென்றால் முந்தைய இரவிலிருந்து மதியம் வரை பித்தம் தேங்கிக் கெட்டியாகிறது. பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஏழே முக்கால் பேருந்தைப் பிடிக்க வெறும் காபியோடு ஓடும் டீச்சர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். நாற்பது வயது, பிள்ளை பெற்ற உடம்பு, கொஞ்சம் எடை, சர்க்கரை இவையெல்லாம் ஏற்கெனவே நம் கணக்கில் இருக்கின்றன. அதோடு பட்டினியையும் சேர்க்காதீர்கள். இரண்டு இட்லியாவது போதும். எடையைக் குறைப்பதையும் மெதுவாகச் செய்யுங்கள். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் அதுவே கல்லை உண்டாக்கும்.

வெந்தயம் பற்றிக் கேட்பீர்கள். மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கல் உண்டாவது குறைந்தது. எலிக்கு. அப்பத்தா ஊறவைத்துக் கொடுத்த வெந்தயத்தை நான் நிறுத்தவில்லை, ஆனால் அதை மருந்து என்று இனி யாருக்கும் சொல்லமாட்டேன். மஞ்சள் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள்: மஞ்சளில் உள்ள குர்குமின் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். உள்ளே கல் இருந்தால் வலியைக் கிளப்பலாம். குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை பற்றி ஒரு வார்த்தை. பித்தப்பையை முதன்முதலில் எடுத்தவர் பெர்லினில் லாங்கன்புக், 1882இல். வயிற்றில் துளை போட்டு எடுப்பது 1985இல் ஜெர்மனியில் தொடங்கி, 1990இல் மும்பையில் டாக்டர் உத்வாடியா மூலம் நம் நாட்டுக்கு வந்தது. எனக்கு நான்கு துளை. மூன்றாம் நாள் வீட்டில் இருந்தேன். ஈரல் பித்தத்தைச் சுரந்துகொண்டுதான் இருக்கிறது, நேரே குடலுக்குப் போகிறது. ஒரு மாதம் எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது வெள்ளைப்பணியாரம் சாப்பிடுகிறேன், நாலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சம்பளத்தில் மாதாமாதம் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள் அல்லவா, அந்த அட்டை எங்கே இருக்கிறது என்று இன்று வீட்டுக்குப் போனதும் தேடிப் பாருங்கள். எனக்கு மூன்று நாள் தேட வேண்டியிருந்தது. சத்துணவு அக்கா போனவாரம் வேலைக்குத் திரும்பிவிட்டார். யார் என்ன வைத்தியம் சொன்னாலும், டீச்சரைக் கேட்டுச் செய்கிறேன் என்கிறாராம். எனக்குத்தான் திக்கென்று இருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், டீ வருவதற்குள் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.